கோலியல்: சுனாபட்டி உரை

ஸ்பின்னக்கர் கோல் என்பது யாதெனின், சிறு பாய்ப்படகு பின்காற்றில் ஓடும்போது முன்னே உப்பி நிற்கும் பெரும்பாயின் காற்றுப்பக்க மூலையைப் பாய்மரத்திலிருந்து தள்ளி நிறுத்தும்பொருட்டு, ஒரு முனையால் மரத்தையும் மறுமுனையால் கயிற்றையும் பற்றுமாறு செய்த கழி. இவ்வரையறையில் எச்சொல்லும் சும்மா நிற்கவில்லை. 'தள்ளி நிறுத்தும்' என்றதனால் தூக்கும் கோல், தாங்கும் கோல், அடிக்கும் கோல் மூன்றும் விலகின. 'கயிற்றை' என்றதனால் பாய்த்துணியின் மூலையிலேயே நேராகக் குத்தும் கோல் விலகியது. 'சிறு' என்றதனால் இரண்டு ஆள் சுமக்கும் கோல்களும் அவற்றை வாங்கும் சீமான்களும் ஒருங்கே விலகினர்.

அற்றேல், கடல் கண்ணுக்கே தெரியாத மும்பைச் சுனாபட்டியில் உட்கார்ந்துகொண்டு இந்நூல் செய்வானேன் எனின், கூறுதும். கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு முன்னால் சீபேர்டு மரப்படகுகள் நங்கூரத்தில் ஆடுகின்றன. 1846இல் தோன்றிய ராயல் பம்பாய் யாட் கிளப் அங்கேதான் இருக்கிறது. படகு, காற்று, தேநீர் யாவும் அங்கே உண்டு. கோலுக்கு வேண்டிய ஒன்றரை அங்குல அலுமினியக் குழாய் மட்டும் கிடையாது. குழாய்க்குத் தாராவி, லேத்துக்குக் குர்லா, உடைத்த கப்பலின் உறுப்புகளுக்கு ரே ரோடு தாருகானா, ஆணி திருகுகளுக்கு மஸ்ஜித் பக்கத்து நாக்தேவி தெரு. தாராவிக்கு நடந்துவிடலாம்; மற்றவை யாவும் ஹார்பர் லைன் ரயில்பாதையிலேயே. படகுக்காரன் கொலாபாவில் வாழலாம். கோல் செய்பவன் சுனாபட்டியில்தான் வாழ வேண்டும்.

இனி சுற்றம். துணியைக் கோலால் நிறுத்தும் பழக்கம் இவ்வட்டாரத்தில் பரவலாதலின், உறவுமுறையை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நலம். மாட்டுங்காவின் பழைய வீடுகளில் உத்தரத்துக்கடியில் தொங்கும் மூங்கிலில் மடிப்புடவையைக் கைபடாமல் ஏற்றி விரிக்க மடிக்கோல் என ஒன்று இருந்தது. கை எட்டாத இடத்தில் துணியை விரிப்பதால் அது நமக்கு அத்தை முறை. குடிபாட்வா அன்று மராத்தி அண்டை வீட்டார் சன்னலில் நாட்டும் கம்பு, உச்சியில் பட்டுத்துணியும் வேப்பிலையும் கவிழ்த்த செம்பும் தாங்கியது, சம்பந்தி முறை. காற்று வந்தால் அது துணியைப் பறக்க விட்டுவிடும், நம் கோல் விடாது. ஜூன் பிறந்ததும் தாராவிக் கூரைகளில் நீலத் தாட்பத்ரித் தார்ப்பாய் ஏறுமே, அதன் நடுவில் தண்ணீர் தேங்காதிருக்க உள்ளிருந்து முட்டுக் கொடுக்கும் கழிதான் உடன்பிறப்பு. ஏனெனில் இவ்வனைத்திலும் அது ஒன்றே நம் கோலைப்போல் நீளவாக்கில் அமுக்கப்படுகிறது. கோலைத் தேர்ந்தெடுக்க வருபவர் பத்தில் ஒன்பது பேர் அதை நடுவில் பிடித்து வளைத்துப் பார்க்கிறார்கள். வளைத்துப் பார்ப்பது மீன்பிடி தூண்டிலுக்கு. பாய்க்கோலின் துன்பம் இரு முனையிலிருந்தும் வருவது.

கடல்வழிச் சுற்றமும் உண்டு. தூத்துக்குடித் தோணியின் பருமல், பாயின் தலைப்பு முழுவதும் கட்டப்பட்டு ஆஞ்சான் கயிற்றால் மேலேறுவது. அது பாயைத் தூக்குகிறது, நம்முடையது ஒதுக்குகிறது. நீர்கொழும்பின் ஓரு படகில் இரண்டு கழிகளுக்கு நடுவே சதுரப் பாய் விரியும். அங்கே கோலே பாய்மரம், பாய்மரமே கோல். வகைப்படுத்துவோனுக்குத் தலைவலி, மீன் பிடிப்போனுக்கு இல்லை. எண்டர்பிரைஸ் என்னும் இருவர் படகு, 1956இல் ஜாக் ஹோல்ட் வரைந்தது, இந்தியக் கிளப்புகளில் நன்கு வேர்விட்டது. அதற்கு ஸ்பின்னக்கரே விலக்கு. ஆகவே முன்பாயான ஜிப்பின் மூலையைக் குத்தி வெளியே தள்ளும் ஒரு மெல்லிய குச்சியோடு அது திருப்தியடைகிறது. இக்குச்சியையும் ஸ்பின்னக்கர் கோலையும் ஒன்றெனக் கொள்வோர் உளர். அவர்கள் ஒரு முறை பலத்த காற்றில் அதை மாற்றி மாட்டிப் பார்த்தபின் இவ்வுரைக்கு உடன்படுவர்.

பண்டையோர் என்ன சொன்னார் என்று பாராமல் நூல் செய்வது மரபன்று. மரக்கலத்துக்கு மரம் ஆய்வது, அளவுகளின் நன்மை தீமை சொல்வது எனத் தமிழில் கப்பல் சாத்திரம் என்றொரு சுவடி உண்டு. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அதை 1950இல் அச்சிட்டது. அதில் ஸ்பின்னக்கர் கோல் பற்றி ஒன்றுமில்லை. ஆசிரியர்மேல் குற்றமில்லை; இந்தப் பாய் 1860களில்தான் நியோபி, ஸ்பிங்க்ஸ் முதலிய ஆங்கிலப் படகுகளில் தலைகாட்டியது. ஆனால் அளவு பிசகினால் உடையவனுக்கு ஆகாது என்னும் அவர் கொள்கையை நாம் அப்படியே ஏற்கிறோம்.

அளவாவது: பாய்மரத்தின் முன்முகத்திலிருந்து, முன்னே இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி தளத்தைத் தொடும் இடம் வரை கிடையாக அளந்தால் வருவது. படகு வரைவோர் அதை ஜே என்பர். கோலும் அவ்வளவே. ஒரே வகுப்புப் படகுகள் போட்டியிடும்போது வகுப்பு விதி சொல்வதே முடிவு. அங்கே ஆராய்ச்சிக்கு இடமில்லை. சற்று நீட்டினால் பெரும்பாய் இன்னும் வெளியே போய் நல்ல காற்றைக் குடிக்குமே எனின், குடிக்கும். ஆனால் நீண்ட கோல் ஸ்டே கம்பிக்கு முன்னால் சுழன்று மறுபக்கம் போகும்போது முன்னால் நிற்பவர் படகை விட்டே வெளியே எட்ட வேண்டிவரும். வெவ்வேறு வகுப்புப் படகுகள் மோதும் ஹேண்டிகேப் போட்டியில் அபராதமும் விழும்.

நீளத்துக்கு இன்னொரு வரம்பும் உண்டு, எந்தப் படகு நூலும் கூறாதது. கோல் ரயிலில் வர வேண்டும். இரண்டு மீட்டர்வரை சாமான் பெட்டியில் மீன்கூடைக்கும் பால்கேனுக்கும் நடுவே நிறுத்தலாம். இரண்டரைக்கு மேல் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அப்போது கதவோரத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் அதற்கு உரையெழுதுவர். பிளாட்பாரத்தில் எந்த நீளமானாலும் கிடையாகவே தூக்க வேண்டும். ஹார்பர் லைனின் மேல்கம்பி 2016இல் 1,500 வோல்ட்டிலிருந்து 25,000 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. அலுமினியமும் கார்பனும் மின்சாரத்துக்கு வஞ்சகம் செய்யாதவை. மூங்கிலைச் செங்குத்தாகத் தூக்கலாமா என்று கேட்பவனுக்கு, அதையும் வேண்டாம் என்பதே விடை. மழைநாளில் மூங்கிலும் ஈரம்.

உடலுக்கு வருவோம். இங்கே சிறிது கணக்கு தேவை, பொறுத்தருள்க. நீளவாக்கில் அமுக்கப்படும் மெலிந்த கழி நொறுங்கிச் சாவதில்லை, நடுவில் பிதுங்கி வளைந்து சாகிறது என்று 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற கணிதர் சூத்திரம் செய்துவிட்டார். அதன் சாரம் இரண்டு. நீளம் இரட்டித்தால் தாங்கும் சுமை கால்வாசியாகும். எடை ஒன்றே என்றால், திண்ணிய மெல்லிய கோலைவிட உள்ளீடற்ற பருத்த கோல் வலிது. 38 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 1.6 மில்லிமீட்டர் கனம் உள்ள அலுமினியக் குழாயை எடுத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் நீளத்தில் ஏட்டுக்கணக்குப்படி அது சுமார் 530 கிலோ வரை நேராக நிற்கும். மூன்று மீட்டரில் 240 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். எடையோ மீட்டருக்கு அரைக்கிலோதான். இந்த எண்களில் மூன்றிலொன்றை நம்புக. ஏட்டில் குழாய் நேரானது, விசை நடுமையத்தில் விழுகிறது, அலை இல்லை, படகில் மைத்துனன் இல்லை.

அலுமினியத்தில் சன்னல்காரர் விற்பது பெரும்பாலும் 6063 என்ற கலவை. பாய்மரம் செய்வோர் விரும்பும் 6061, 6082 இதைவிடப் பலமானவை. ஆனால் வளைந்து பிதுங்குவதைத் தடுப்பது விறைப்பு. விறைப்பில் இந்த அலுமினியங்களுக்குள் சொல்லத்தக்க வேறுபாடில்லை. எனவே சிறு படகுக்குச் சன்னல் குழாய் தாழ்ந்த சாதி அன்று. தாராவியில் அதைக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். நெல்லைக்கார அண்ணாச்சி ஒருவரிடம் வட்டக்குழாய் வேண்டும், துளையோ கீறலோ நசுங்கலோ கூடாது என்று கேட்டால், உரையாடல் இவ்வாறு போகும்:

"கர்ட்டன் ராடுக்கா அண்ணாச்சி?"

"இல்ல, படகுக்கு."

"படகுக்கு எதுக்கு கர்ட்டன் போடுதீய?"

விளக்கத் தொடங்கலாகாது. விளக்கினால் அவர் கடையில் உள்ளவர்களெல்லாம் கூடி, அதைவிட எஸ்.எஸ். குழாய் நல்லது, துருவே பிடிக்காது என்று ஒருமனதாகத் தீர்மானிப்பர். எஸ்.எஸ். அலுமினியத்தைப்போல் மூன்று மடங்கு கனம். முன்தளத்தில் முழங்காலில் நின்று தலைக்கு மேல் தூக்கி மாட்ட வேண்டிய பொருளைக் கனத்துக்காகத் தேர்வது ஒருவகைத் தவம், வேறு பயனில்லை.

பி.வி.சி. குழாய் குறித்துக் குறுக்கமாக. அதே அளவு பி.வி.சி. தாங்குவது அலுமினியத்தின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. முதல் நல்ல காற்றில் அது வில்லாகும். பிறகு ஒருநாளும் நேராகாது. பிளம்பருக்குத் திருப்பிக் கொடுக்க.

மூங்கிலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், அதன்மேல் எனக்குப் பட்சபாதம் உண்டு. இந்நகரத்தில் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. கட்டடம் கட்டப் பராஞ்சி என்னும் சாரம், கணபதிக்கு மண்டபம் எல்லாம் மூங்கில்தான்; அனந்த சதுர்தசி கழிந்த மறுநாள் தெருவெங்கும் வேலையற்ற கழிகள் சாய்ந்து நிற்கும். உள்ளே வெற்றிடம், கணுக்கணுவாகக் குறுக்குச்சுவர், வெளிநாரில் விறைப்பு அதிகம்: ஆய்லர் கேட்டதெல்லாம் இதில் இயல்பாகவே உண்டு. கொங்கணத்து மாணகா, நம்மூர்க் கல்மூங்கில் ஆகிய இரண்டும் ஏறக்குறையத் திண்ணியவை. லத்திக்கு அவை பொருந்தும், இங்கே பாரம். நடுத்தர வெற்றிடமுள்ள நேரான மூங்கிலே கொள்க. மாவுச்சத்தை உளுப்பு தின்னாதபடி நீரில் ஊறவைத்து நிழலில் காயவிட வேண்டும். அதன் குற்றம் ஒன்றே. நார் எல்லாம் நீளவாக்கில் ஓடுவதால் ஆணியோ போல்ட்டோ பட்ட இடத்தில் பிளக்கும். ஆகையால் முனையில் கணு வருமாறு அறுத்து, நூல்கயிற்றால் நெருக்கிச் சுற்றி, எபாக்ஸி பூசியபின்தான் துளைபோட வேண்டும். இத்தனையும் செய்தால் மூங்கில்கோல் கெடாது உழைக்கும். உடையும்போதும் நாராகக் கிழிந்து தொங்குமேயன்றி, அலுமினியம்போல் கூர்விளிம்போடு மடிந்து பாயைக் கிழிக்காது. கிளப்பில் அதைப் பார்ப்பவர் சிரிப்பர். சிரிப்பு கோலின் நீளத்தையோ விறைப்பையோ பாதிப்பதில்லை.

கார்பன் பணமுடையோர்க்கு. உடைந்த விண்ட்சர்ஃப் பாய்மரத்தின் நல்ல பாகம் ஓசியில் கிடைத்தால் மற்றோர்க்கும் ஆகும். அதில் அலுமினிய முனையை நேரே செருகினால் உப்புநீரில் இரண்டுக்கும் பகை மூண்டு அலுமினியம் வெள்ளைப்பொடியாகும். இடையே கண்ணாடி இழைத் துணியும் பசையும் வேண்டும். தேக்கு, தேவதாரு முதலிய மரக்கோல்கள் கண்ணுக்கு இனியவை, வார்னிஷுக்கு அடிமையானவை.

இதுகாறும் உடல் கூறினோம். உலகத்து நூலெல்லாம் இந்த வரிசையிலேயே கூறும்: நீளம், உடல், கடைசியில் வாய். சுனாபட்டி மரபு இங்கே மாறுபடும். வாங்கும்போது முதலில் வாயை வாங்குக. அதன் கழுத்து எவ்வளவோ அவ்வளவுக்கு உடலைத் தேடுக. காரணம் வெளிப்படை. குழாய் நான்கு தெரு நடந்தால் கிடைக்கும், மூங்கில் நடக்காமலே கிடைக்கும். கோலின் இரு முனையிலும் இருந்து கயிற்றைக் கவ்வி, வேண்டும்போது மட்டும் விடும் அந்த உலோகப் பண்டம் நாக்தேவி தெரு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அல்லது லேத்தில் கடைய வேண்டும். வந்ததன் கழுத்து 38 மில்லிமீட்டர் குழாய்க்கென்று இருக்க, நீங்கள் ஏற்கெனவே 32 வாங்கி வைத்திருந்தால், உங்கள் வீட்டில் ஒரு நல்ல கர்ட்டன் ராடு இருக்கிறது என்று பொருள். அன்றியும், உடல் ஒடிந்து தோற்ற கோலைவிட வாய் திறக்காமல் தோற்ற கோல்கள் பல மடங்கு. ஒடிவது வருஷத்துக்கொருமுறை; வாய் அடம்பிடிப்பது ஒவ்வொரு திருப்பத்திலும்.

வாய் வகை. முள்வாயும் கவைவாயும் முன்சொன்ன ஜிப் குச்சிக்கு உரியன. முள் துணியின் கண்ணில் குத்தும், கவை பாய்மரத்தில் சாய்ந்து நிற்கும். காற்று ஒரு நொடி ஓய்ந்தால் இரண்டும் கழன்று விழும். அவற்றை இங்கே கொள்ளற்க.

தாழ்வாய் என்பது ஒரு கொக்கியின் வாயை ஸ்பிரிங் தள்ளும் சிறு தாழ் அடைத்திருப்பது. கோலின் நீளத்தில் ஓடும் ஒரு விடுகயிற்றை இழுத்தால் தாழ் பின்வாங்கும், விட்டால் மூடும். சிறு படகுக்கு இதுவே தக்கது. பொறிவாய் என்பது திறந்தபடியே வைத்துக் கயிறு வந்து பட்டதும் தானே பட்டென மூடுவது. பெரிய படகில் நன்று. சிறு படகில் கயிறு வருமுன் விரல் வந்துவிடும்.

நாய்ச்சங்கிலிக் கொக்கி, மலையேறுவோர் வளையம் முதலிய தழுவுவாய்களைக் கட்டி வேலை முடித்தவரும் உளர். மிதமான காற்றில் குறையில்லை. ஆனால் கயிறு முறுக்கேறி இழுக்கும்போது உள்நோக்கித் திறக்கும் கதவைக் கயிறே மூடிப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் அதைத் திறந்தாக வேண்டிய நேரமும் வரும்.

லேத்தில் கடைவதானால் அலுமினியக் கட்டியை விட, கடைதற்கு எளிய தடித்த நைலான் தண்டு எடுக்க. தாழுக்கு எட்டு மில்லிமீட்டர் எஸ்.எஸ். கம்பி, ஸ்பிரிங்கும் எஸ்.எஸ். ஆகவே இருக்கட்டும். பட்டறைக்காரரிடம் வரைபடம் கொடுப்பதைவிடப் பழைய வாய் ஒன்றைக் கையில் கொடுப்பது மேல். வாயின் விளிம்பெல்லாம் உருண்டையாக வழவழவென்று இருக்க வேண்டும். கூர்விளிம்பு ஒரு பருவத்தில் கயிற்றைத் தின்றுவிடும். எஸ்.எஸ். ரிவெட்டை அலுமினியத்தில் அடிக்குமுன் பசை தடவாவிட்டால் மேலே கார்பனுக்குச் சொன்ன பகை இங்கும் மூளும். நடுவில் துளையிடாதே; ஆய்லர் பிதுங்குமென்ற இடம் அதுவே. தூக்குக்கயிற்றுக்கு நடுவில் ஒரு வளையம் வைப்பதற்குப் பதில், இரு முனையிலிருந்தும் சிறு கயிறு கொணர்ந்து நடுவில் சேர்த்தால் கோலுக்கு வளைவுச் சுமை குறையும். உள்ளே இரு முனையிலும் தெர்மகோல் அடைத்துச் சீல் வைக்க. கோல் தண்ணீரில் விழுந்தே தீரும். மிதந்தால் நம்முடையது, அமிழ்ந்தால் மும்பை துறைமுகத்தின் சேற்றுடையது.

வாயைச் சோதிக்கும் முறை இது. கையை நனைத்து, கண்ணை வேறெங்கோ வைத்து, ஒரே கையால் திறந்து ஒரு கயிற்றைக் கவ்வச்செய்து மூட வேண்டும். சுக்கான் பிடிப்பவர் வாயைத் திறக்குமுன் இது நடந்தால் வாய் தேறிற்று.

இருமுனைக்கும் ஒரே வாய் இருப்பது சிறு கோலின் சிறப்பு. காற்றின் பக்கம் மாறும்போது மரத்திலிருந்த முனையைக் கழற்றிப் புதுக் கயிற்றில் மாட்டி, பழைய கயிற்று முனையை மரத்தில் மாட்டிவிட்டால் முடிந்தது. எது தலை எது வால் என்ற பேதமில்லை. இத்தகைய கோலுக்கு இவ்வூரில் புகழும் உண்டு. 1982 ஆசிய விளையாட்டின் படகோட்டம் டெல்லியில் இடமில்லாமல் இதே மும்பைக் கடலில்தான் நடந்தது. ஃபயர்பால் வகுப்பில் ஃபாரூக் தாராப்பூரும் ஜரீர் கராஞ்சியாவும் தங்கம் வென்றனர். அந்தப் படகு ஸ்பின்னக்கரும் கோலும் உடையது. இருவரில் ஒருவர் டிரப்பீஸ் கம்பியில் வெளியே தொங்குபவர், கோலை மாற்ற அவரே உள்ளே ஓடிவர வேண்டும்.

ஒருசாரார் கோலே வேண்டாமென்பர். படகின் மூக்கிலிருந்து நேரே நீளும் தண்டில் பாயின் ஒரு மூலையைக் கட்டிவிட்டால் பக்கம் மாற்ற ஒன்றுமே இராது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் சென்னையின் வர்ஷா கௌதமும் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனும் வெண்கலம் வென்ற 29ஈஆர் அவ்வகைப் படகு. அவர்கள் வேகத்தை மறுப்பார் யார். ஆனால் அந்தப் பாய் நேர்பின்காற்றில் சோம்பும். குறுக்கும் நெடுக்குமாக ஓடியே இறங்க வேண்டும். பழைய படகில், மாலை வடமேற்குக் காற்றில், மாண்ட்வா பக்கம் நேரே இறங்கிப் போக விரும்புபவனுக்குக் கோல்தான் கதி.

மாட்டும் முறையில் இரண்டே விதி. கோல் பாய்மரத்துக்குச் செங்கோணமாக நிற்கட்டும். சாய்ந்தால் எட்டும் தூரம் குறையும். காற்று பக்கவாட்டுக்கு வரவரக் கோல் முன்னோக்கிப் போகும், காற்றுப்பக்கக் கயிறு கோலோடு ஒட்டியொட்டி வரும். இரண்டுக்கும் இடைக்கோணம் 30 பாகையானால் கயிறு சுமையைப்போல் இருமடங்கு இழுக்கும், 10 பாகையானால் ஏறக்குறைய ஆறு மடங்கு. அந்த இழுப்பின் பெரும்பகுதி கோலைப் பாய்மரத்துக்குள் குத்துகிறது. அதோடு கோல் ஸ்டே கம்பியில் போய்ச் சாய்ந்தால் பக்கவாட்டு வளைவும் சேரும். கோல்கள் ஒடியுமிடம் அது. ஒரு விரல் இடைவெளி விட்டுக் கயிற்றைக் கட்டுக. இன்னும் பக்கவாட்டில் ஓட ஆசைப்பட்டால் பாயை இறக்குக.

வாய் மேல்நோக்கி இருக்க வேண்டுமா கீழ்நோக்கியா என்பதில் இரு மரபு உண்டு. மேல்நோக்கி என்பதே நம் கொள்கை. திறந்ததும் கோல் தன் கனத்தால் கீழே விலக, கயிறு மேலே தப்பிவிடும். கீழ்நோக்கி மாட்டுவோர், மேலிருந்து அழுத்தி மாட்டுவது எளிது என்பர். அவர்களோடு வாதிடுவதற்கு மழைக்கால நான்கு மாதம் போதும். அப்போது கிளப் படகுகள் கரையேறிக் கிடக்கும்.

பேணல் எளிது. எண்ணெய் இடாதே; மணல் ஒட்டும். தாழில் உப்புக் கல் பிடிக்காதிருக்க ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீர் ஊற்றி, தாழைப் பலமுறை இழுத்துவிட வேண்டும். சுனாபட்டியில் எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் காலையில் குறித்த நேரம்தான் வரும். அதில் இரண்டு மக் கோலுக்கு. இப்பங்கீட்டைப் பற்றி எங்கள் வீட்டில் இருவகைக் கருத்து நிலவுகிறது. ஒன்று என்னுடையது, மற்றது மற்ற அனைவருடையது.